மணி அடிக்காத மூன்று நாள்

காலை ஏழு மணியாகியும் பனி எழும்பவில்லை. அக்கராயன் குளத்துக்குக் கீழே கிடந்த வயலில் ஆறு பெண்கள் வரிசையாகக் குனிந்து புல்லுப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். வரம்பில் நின்று பார்த்தால் முதுகுகள் மட்டும்தான் தெரியும். கால்கள் தண்ணீருக்குள் இருந்தன, தலைகள் பனிக்குள் போய்விட்டன. கோரையை வேரோடு இழுக்கும்போது சேறு ஒரு சத்தம் போடும். அந்தச் சத்தத்தை வைத்துத்தான் யார் எங்கே நிற்கிறார்கள் என்று மற்றவர்களுக்குத் தெரிந்தது.

சுகந்தினி வரிசையின் நடுவில் நின்றாள். கை தன்பாட்டில் பிடுங்கிக்கொண்டிருந்தது. மனம் இன்னும் விடியற்காலைக் கனவை விட்டு வரவில்லை. இரண்டு வருசத்துக்கு முன் செத்துப்போன புருசன் சுமன் கனவில் இதே வயலுக்குள்ளால் லொறி ஓட்டிக்கொண்டு வந்தான். பின்னுக்கு நிறையப் பூசணிக்காய். டயரில் ஒரு துளி சேறு இல்லை. "ஏறு, தம்புள்ளைச் சந்தைக்குப் போட்டு வருவம்" என்றான். அவள் மிதிபலகையில் கால் வைத்த நேரம் பார்த்து மகள் இருமினாள், விழிப்பு வந்துவிட்டது.

"சுகந்தி, நித்திரையே?" என்று கமலேஸ்வரியின் குரல் வந்தது. அந்தக் கூட்டத்துக்கு வேலை பிடிப்பவளும், யார் எந்த வயல்துண்டில் நிற்பது என்று சொல்பவளும் அவள்தான்.

"இல்லை கமலக்கா. கனவொண்டு. அதை யோசிச்சுக்கொண்டு நிண்டிட்டன்."

"புருசன்காரன் வந்தவனோ?"

"ஓம். லொறியோட."

"செத்தும் அந்த லொறியை விடேல்லை அவன்."

பனிக்குள் ஐந்து இடத்தில் சிரிப்புக் கேட்டது. சுகந்தினியும் சிரித்தாள். அவளுடைய கனவு அந்தக் கூட்டத்துக்கு ஒரு காலைத் தேநீர் மாதிரி. ஒருநாள் கனவில் பஸ் ஒன்று குளத்துக்குள் இறங்கியது, ஆனால் ஒருவருடைய ரிக்கற்றும் நனையவில்லை. இன்னொரு நாள் கமலேஸ்வரி பனை உயரத்துக்கு வளர்ந்து குளத்துக்கு அங்கால் நின்று ஆட்களைக் கூப்பிட்டாள். இரண்டு வருசமாக இப்படித்தான். அதற்கு முன் அவளுக்குக் கனவு வருவதே அருமை.

கனவுக்குக் காரணம் அவள் தினமும் போடும் மருந்துக் குளிசை. சுமன் நெஞ்சுச்சளி என்று ஆஸ்பத்திரியில் கிடந்து இறந்தபோது, டொக்டர் அவளையும் மகள் யதுர்ஷிகாவையும் இரத்தம் சோதிக்கச் சொன்னார். மகளுக்கு ஒன்றும் இல்லை. அவளுக்கு எச்.ஐ.வி. இருந்தது. கிளிநொச்சியில் தெரிந்த முகங்கள் அதிகம் என்று வவுனியாவுக்குப் போய் மருந்து எடுத்தாள். போகிற வழியில் கனகராயன்குளம் வரும்போது எப்போதும் பஸ்ஸில் நித்திரையாகிவிடுவாள். கூட்டத்துக்குத் தைரொயிட் என்று சொல்லியிருந்தாள். கமலேஸ்வரிக்கு உண்மையிலேயே தைரொயிட் இருந்தது. அவள் தன் குளிசை மட்டையைக் காட்டி, "உன்ரை என்ன நிறம்?" என்று கேட்பாள். "வெள்ளை" என்பாள் சுகந்தினி. அது மட்டும் பொய் இல்லை.

விமலேஸ்வரியைச் சந்தித்ததும் அந்தக் கிளினிக்கில், முறைக்குக் காத்திருக்கும் வாங்கில்தான். ஐம்பது வயதைத் தாண்டிய, சத்தமாகக் கதைக்கிற மனுசி. பதினாறு வருசமாகக் குளிசையில் இருப்பவள். புதிதாக வந்து சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பவர்களுக்குப் பக்கத்தில் போய் இருந்து கதைப்பதைத் தன் வேலையாக வைத்திருந்தாள். அந்த வேலையை அவளுக்கு ஒருத்தரும் கொடுக்கவில்லை.

"கனவு வரும் பிள்ளை. சில ஆக்களுக்கு உந்தக் குளிசை அப்பிடி. பயப்பிடாத. காசில்லாமப் படம் பாக்கிறன் எண்டு நினை" என்று அன்றைக்குச் சொன்னாள். "நேரத்தை மட்டும் தவற விட்டிடாத. ஒரே நேரத்துக்குப் போடு."

போனில் அலாரம் வைக்க சுகந்தினிக்குப் பயம். அடித்தால் மகள் எதற்கென்று கேட்பாள், தகர மறைப்புக்கு அங்கால் பக்கத்து வீட்டுக்கும் கேட்கும். அவள் பிள்ளையார் கோயில் மணியைப் பிடித்துக்கொண்டாள். பின்னேரப் பூசைக்கு ஆறு மணிக்கு மணி அடிக்கும். நின்ற இடத்தில் நின்று கும்பிடுவாள், பிறகு குசினிக்குள் போய் அரிசி வாளிக்குப் பின்னால் இருக்கிற போத்தலை எடுத்து ஒன்றை வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பாள். தண்ணீர் குடிப்பதும் கும்பிடுவதில் ஒரு பகுதி என்றுதான் யதுர்ஷிகா நினைத்திருந்தாள்.

மத்தியானம் மருதமரத்தடியில் சாப்பாடு. ஆறு பேரும் தங்கள் பெட்டிகளைத் திறந்து ஒரே அலுமினியச் சட்டிக்குள் கவிழ்ப்பார்கள். ஒரு வீட்டுப் பருப்பு, இன்னொரு வீட்டுக் கத்தரிக்காய், யாரோ ஒருத்தியின் நெத்தலிப் பொரியல் எல்லாம் ஒன்றாகும். குழைப்பது சுகந்தினியின் கை. அவள் குழைத்தால் உப்புப் போதாத சோற்றுக்கும் ஒரு ருசி வரும் என்பது கூட்டத்தில் எல்லாரும் ஒத்துக்கொண்ட கதை. உருண்டை பிடித்து ஒவ்வொரு கையிலும் வைப்பாள், கடைசியில் சட்டியை வழித்துத் தான் தின்பாள். அவளுடைய தாய் மீனம்மா மலைநாட்டிலிருந்து கலவரத்துக்குத் தப்பி வந்த புதிதில் இந்த ஊரில் சில வீடுகளில் தனித் தகரப் பேணியில்தான் தேநீர் குடித்தவள். மகளின் கையால் இப்போது அந்த வீட்டுப் பெண்களும் வாங்கித் தின்கிறார்கள். அந்த நினைப்பில் சுகந்தினிக்கு ஒரு பெருமை இருந்தது. வெளியில் சொல்லமாட்டாள்.

திங்கட்கிழமை விடியப்புறம் வயற்காரர் கதிர்காமநாதன் இறந்துபோனார். மகன் பிரதாபன் சுவிசில் இருந்து வரவேண்டும். பிரேதத்தை ஐஸ் பெட்டியில் வைத்தார்கள். ஊருக்குள் பிரேதம் கிடக்கும்வரை கோயில் திறக்கக்கூடாது. ஐயர் கதவைப் பூட்டித் திறப்பை இடுப்பில் சொருகிக்கொண்டு போய்விட்டார்.

கூட்டம் முழுக்க செத்தவீட்டு வேலைக்குப் போனது. தேங்காய் துருவுவது, வந்தவர்களுக்குத் தேநீர் கொடுப்பது, கிணற்றடியில் கோப்பை கழுவுவது. மழைத் தூறலும் பறைச் சத்தமும் சாம்பிராணிப் புகையுமாக நாட்கள் ஒன்றுக்குள் ஒன்று கரைந்தன. எது பகல், எது பின்னேரம் என்று தெரியவில்லை. இருட்டிய பிறகு சுகந்தினி மகளையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து பாயில் விழுவாள். விழுந்ததுதான் தெரியும், பிறகு விடிந்திருக்கும்.

வியாழக்கிழமை காலை கிணற்றடியில் கௌசலா பக்கத்தில் வந்து குந்தினாள். கூட்டத்தில் இளையவள், ஏழு மாதப் பிள்ளையைத் தாயிடம் விட்டுவிட்டு வருபவள்.

"இண்டைக்கு என்ன கனவு சுகந்தியக்கா? அலுப்பாக் கிடக்கு. சொல்லுங்கோ, சிரிப்பம்."

சுகந்தினி கோப்பையைத் தேய்த்தபடி தேடிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. நேற்று? நேற்றும் இல்லை. முந்தநாள் செவ்வாய். அன்றைக்கும் கட்டை மாதிரிக் கிடந்துதான் எழும்பினாள். அவளுடைய கை நின்றுவிட்டது. மூன்று நாள் கனவில்லை. மூன்று நாள் மணி இல்லை.

"ஒண்டும் வரேல்லையடி" என்று சொல்லிவிட்டு எழும்பி வாழைகளுக்குப் பின்னால் போனாள். அவசரத்தில் விமலேஸ்வரியின் நம்பரை இரண்டு முறை பிழையாக அமத்தினாள்.

"அக்கா, மூண்டு நாள் குளிசை போடேல்லை."

"ஏன்? முடிஞ்சுதோ?" விமலேஸ்வரியின் குரல் போனுக்கு வெளியாலும் கேட்டது.

"இல்லை. கோயில் பூட்டியிருக்கு."

"கோயில் பூட்டினா?"

"மணி அடிக்கேல்லையக்கா. இஞ்சை செத்தவீடு."

அந்தப் பக்கம் சிரிப்பு வந்தது. "அடி விசரி. பிள்ளையாரையோ மருந்துக்கு மணியடிக்க வைச்சிருக்கிறாய்? அழாத. இப்ப வீட்டை போய் ஒண்டைப் போடு. மூண்டையும் சேத்துப் போட்டிடாத, ஒண்டு மட்டும். கிளினிக்குக்குப் போன் எடுத்துச் சொல்லு. எச்.ஐ.வி. குளிசையை விட்டிட்டு விட்டிட்டுப் போடுற விளையாட்டு வேண்டாம், விளங்குதோ? பிறகு மருந்துக்குக் கிருமி பயப்பிடாது."

"விளங்குதக்கா."

போனை இடுப்பில் சொருகிக்கொண்டு திரும்பினாள். கௌசலா வாளியோடு நின்றாள். வாளியில் தண்ணீர் இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாதவள் போல அவள் நின்றுகொண்டே இருந்தாள்.

வெள்ளிக்கிழமை பிரேதம் எடுத்தார்கள். சனிக்கிழமை வயலில் வேலை தொடங்கியது. அன்று ஒருவரும் கனவு கேட்கவில்லை. மத்தியானம் மருதமரத்தடியில் சட்டி இல்லை.

"சட்டி ஓட்டையாப் போச்சு" என்றாள் கமலேஸ்வரி, யாரையும் பார்க்காமல்.

ஒவ்வொருத்தியும் தன் தன் பெட்டியைத் திறந்து குனிந்து தின்றாள். சுகந்தினி அன்று எல்லாருக்கும் பிடிக்கும் என்று முருங்கையிலை வறுத்துக்கொண்டு வந்திருந்தாள். கமலேஸ்வரியின் சைக்கிள் கரியரில் உரப்பையால் சுற்றிய ஒரு சாமான் கட்டியிருந்தது. பையைக் கிழித்துக்கொண்டு சட்டியின் காது வெளியில் தெரிந்தது. சுகந்தினி மற்றப் பக்கம் திரும்பி இருந்து தின்றாள். தண்ணீரைக் குடித்துக் குடித்துச் சோற்றை இறக்கினாள்.

பின்னேரம் கமலேஸ்வரி அவள் வீட்டுப் படலையடிக்கு வந்தாள். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை.

"கொஞ்ச நாளைக்கு வீட்டை நில்லு பிள்ளை. நானாச் சொல்லேல்லை. ஆக்கள் பயப்பிடினம். கௌசலாவுக்குக் கைப்பிள்ளை, தெரியும்தானே."

"எவ்வளவு நாளைக்கக்கா?"

"பாப்பம்." சைக்கிளைத் திருப்பியவள் மீண்டும் நின்றாள். "தைரொயிட் எண்டு சொன்னனீ. நான் உன்னோட குளிசை நிறமெல்லாம் கதைச்சனான், சுகந்தி." அவளுடைய முகத்தில் கோபத்தைவிட நோவுதான் அதிகமாக இருந்தது.

அந்தப் பக்கத்தில் வயற்காரர் தனி ஆளைக் கூப்பிடுவதில்லை, கூட்டத்தைத்தான் கூப்பிடுவார்கள். கமலேஸ்வரியின் கூட்டம் இல்லையென்றால் சுகந்தினிக்கு வேலை இல்லை. மூன்றாம் நாள் தேங்காய் வாங்குவதை விட்டாள். ஐந்தாம் நாள் யதுர்ஷிகா பள்ளிக்கூடத்துக்கு வெறும் ரொட்டி கொண்டுபோனாள். "ஏனம்மா நீங்கள் வயலுக்குப் போறேல்லை?" என்று பிள்ளை கேட்டது. "பனியடி, உடம்புக்குக் கூடாது" என்றாள்.

கோயில் திறந்துவிட்டது. மணி ஒழுங்காக அடித்தது. குளிசையோடு கனவும் திரும்பி வந்தது. ஆனால் இப்போது அதைச் சொல்ல ஆள் இல்லை. ஒரு விடியலில் அந்த அலுமினியச் சட்டி குளத்தில் தோணி மாதிரி மிதந்து போனது. அதற்குள் ஐந்து பேரும் இருந்தார்கள். அவள் அணைக்கட்டில் நின்று கையைக் காட்டினாள். அவர்களும் காட்டினார்கள். சட்டி மட்டும் கரைக்கு வரவில்லை. எழும்பியபோது முகம் நனைந்திருந்தது. வெளியில் பனி, வேலியும் படலையும் ஒழுங்கைப் பாதையும் ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரம் கனவு முடிந்ததா இல்லையா என்று தெரியாமல் வாசலில் நின்றாள்.

ஒன்பதாம் நாள் விமலேஸ்வரி போனில் கூப்பிட்டாள். நடந்ததைக் கேட்டுவிட்டு, "நாளைக்கு வாறன்" என்றாள்.

"வேண்டாமக்கா. வந்தா உங்கடை பேரும் கெட்டிடும்."

"என்ரை பேர் பதினாறு வருசமாக் கெட்டுத்தான் கிடக்கு. இனிக் கெடுறதுக்கு அதில இடமில்லை."

சொன்னபடி வந்தாள். கையில் ஒரு சோற்றுப் பெட்டி, குடை, வெற்றிலைப் பை. இருவரும் வரம்பால் நடந்து மருதமரத்தடிக்குப் போனபோது கூட்டம் சாப்பிட உட்கார்ந்திருந்தது. சட்டி நடுவில் இருந்தது. சுகந்தினியைக் கண்டதும் ஒருத்தி அதன் மேல் லேஞ்சித் துணியைப் போட்டு மூடினாள்.

"நான் விமலேஸ்வரி, வவுனியாவில இருந்து வாறன்" என்று வந்தவள் செருப்பைக் கழற்றிவிட்டு அவர்களோடு நிலத்தில் இருந்தாள். "எனக்கும் உந்த எச்.ஐ.வி. இருக்கு. பதினாறு வருசம். பாருங்கோ, உங்கள் ஒருத்தரை விடவும் நான் மெலிவில்லை. கேக்கிறதைக் கேளுங்கோ. நான் வெக்கப்படமாட்டன், நீங்களும் வெக்கப்படாதேங்கோ."

கௌசலாதான் முதலில் கேட்டாள்.

"அட்டையால வராதோ?"

"எந்த அட்டை?"

"வயலட்டை. அவாவின்ரை காலில குடிச்சிட்டு வந்து என்ரை காலில குடிச்சா? எல்லாரும் ஒரே தண்ணிக்கதானே நிக்கிறம். நான் பால் குடுக்கிறனான்." சொல்லும்போதே அவளுடைய குரல் உடைந்தது. பிள்ளையை நினைத்து அவள் இவ்வளவு நாளும் பயந்துகொண்டிருந்தாள் என்பது எல்லாருக்கும் தெரிந்தது.

விமலேஸ்வரி சிரிக்கவில்லை. "நல்ல கேள்வி பிள்ளை. அட்டையால வராது. நுளம்பால வராது. தண்ணியால வராது. சோத்தால, கைபட்டா, ஒரு கோப்பையில குடிச்சா வராது. இது ஆணும் பெண்ணும் சேருறதால வரும். ஊசியால, ரத்தம் ஏத்துறதால வரும். தாயிட்ட இருந்து பிள்ளைக்கு வரலாம், அதுக்கும் இப்ப மருந்திருக்கு. குளிசையை ஒழுங்காப் போட்டா ரத்தத்தில கிருமியைக் கண்டுபிடிக்கேலாத அளவுக்குக் குறைஞ்சிடும். அப்பிடிக் குறைஞ்சு நிண்டா கட்டின புருசனுக்கே தொத்தாது, பிறகு உங்களுக்கு எங்காலை தொத்துறது? இவளின்ரை கடைசி றிப்போட்டில கிருமி தெரியேல்லை. மூண்டு நாள் விட்டதுக்கும் கிளினிக்கில சொல்லியாச்சு, திரும்பச் சோதிப்பினம்."

"பிறகேன் எங்களிட்ட மறைச்சவள்?" என்றாள் கமலேஸ்வரி.

விமலேஸ்வரி மூடியிருந்த சட்டியைப் பார்த்தாள். கமலேஸ்வரியும் பார்த்தாள். பிறகு எழும்பிப் போய் லேஞ்சியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

விமலேஸ்வரி தன் பெட்டியைத் திறந்து சட்டிக்குள் கவிழ்த்தாள். மரவள்ளிக் கறியும் கீரையும். "ஆர் இஞ்சை குழைக்கிறது?" என்று கேட்டாள்.

சுகந்தினி வாய்க்காலில் கையைக் கழுவினாள், முழங்கைவரை, மூன்று தரம். வந்து இருந்து குழைத்தாள். பல நாள் கழித்துக் கைக்குச் சோற்றின் சூடு தெரிந்தது. முதல் உருண்டையைக் கமலேஸ்வரியிடம் நீட்டினாள். கமலேஸ்வரி ஒரு கணம் அதைப் பார்த்தாள், வாங்கினாள், வாயில் வைத்து மென்றாள். "உப்புக் காணாது" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். கௌசலாவும் கையை நீட்டினாள். அவள் தின்றாளா இல்லையா என்று பார்க்காமல் சுகந்தினி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளுக்கு அழுகை வந்தது, அழுதாள். ஒருத்தி முதுகைத் தடவிவிட்டாள்.

"நாளைக்கு வா" என்றாள் கமலேஸ்வரி. விமலேஸ்வரி இரண்டு மணி பஸ்ஸுக்குப் போனாள். போகும்போது சுகந்தினியின் காதுக்குள், "பாத்தியா" என்றாள்.

மறுநாள் சுகந்தினி எல்லாருக்கும் முன்னம் வந்து வரம்பில் நின்றாள். பனி நேற்றைவிடத் தடிப்பாக இருந்தது. ஒவ்வொருத்தியாகப் பனிக்குள்ளால் வந்தார்கள், அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். ஒருத்தி மகளுக்கென்று இரண்டு முட்டை கொண்டுவந்து தந்தாள். கனவா நனவா என்று அவளுக்கு மயக்கமாக இருந்தது. சந்தோசத்தில் சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு வழமையான இடத்துக்கு, வரிசையின் நடுவுக்கு, இறங்கப் போனாள்.

"சுகந்தி" என்று கமலேஸ்வரி கூப்பிட்டாள். அன்பாகத்தான் கூப்பிட்டாள். "நீ கீழ்த் துண்டை எடு பிள்ளை. அங்கை புல்லுக் குறைவு. உனக்கும் உடம்பு ஏலாதுதானே. இனி அதை உன்ரை துண்டாவே வைச்சிரு."

"ஓமக்கா" என்றாள் சுகந்தினி.

அவள் வரம்பால் நடந்து கடைசித் துண்டுக்குப் போய் இறங்கினாள். தண்ணீர் குளிர்ந்தது. மேலே ஐந்து பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று குனிந்தார்கள், கதைத்தார்கள். கதை பனிக்குள்ளால் பாதி வந்து சேர்ந்தது. குளத்திலிருந்து வந்த தண்ணீர் முதலில் அவர்களின் கால்களைச் சுற்றி ஓடி, வரம்பில் வெட்டிய வாயால் கீழே இறங்கி, கலங்கலாக, பிடுங்கி வீசிய கோரைகளையும் கொண்டு அவளிடம் வந்தது. அவள் முழங்காலில் வந்து தங்கியவற்றைப் பொறுக்கி வரம்பில் போட்டாள். அவளைத் தாண்டிய தண்ணீர் கழிவு வாய்க்காலில் விழுந்தது. அதற்குக் கீழே ஒருவரும் நிற்கவில்லை.